நூற்றுத் தொண்ணூறு ரூபாய் மூக்கு

ஜெகதேவியில் லோடு ஏற்றும் ஒவ்வொரு நடையும்
கொஞ்சம் கல்லைக் குடித்துவிட்டுத்தான் கிளம்பும்
என் குட்டி யானை.
ஃபில்டரைக் கழற்றித் தரையில் தட்டினால்
கோலமாவு மாதிரி கொட்டும்,
ஓசூரில் யாரோ ஒருத்தர் வீட்டுச் சமையல்மேடையை
அறுக்கும்போது பறந்த தூள்.

மேலுமலை மேட்டில் மூன்றாவது கியர் நிற்காது.
இரண்டு. அப்புறம் ஒன்று.
பின்னால் வரும் பஸ்காரன்
ஹாரனிலேயே என் பரம்பரையை விசாரிப்பான்.
நான் பதிலுக்குக் கரும்புகை விடுவேன்,
வேண்டுமென்று அல்ல.

"பம்ப் போச்சும்மா, பன்னெண்டாயிரம் ஆகும்"
என்றார் பர்கூர் மெக்கானிக்.
"பம்பும் இல்ல கிம்பும் இல்லக்கா" என்றான்
கல் ஏற்ற வரும் திம்மராயன்.
"காத்து இழுக்கிற வாயி சக்கரத்துகிட்ட இருக்குது.
சக்கரம் எதைக் கிளப்புதோ
அதைத்தானே அது தின்னும்?
தூக்கி உச்சியில வெய்யி."

பைப் வீட்டில் இருந்தது.
இரண்டு வருஷமாய்ச் சுவர் மட்டும் நிற்கிற
குளியலறைக்கு வாங்கிப் போட்டது, பத்தடி.
எல்போ இரண்டு, கிளாம்ப் இரண்டு, ஒரு எம்சீல்,
மீன்தொட்டிக் கடையில் கறுப்பு ஸ்பாஞ்ச்.
நூற்றுத் தொண்ணூறு,
திம்மராயன் குடித்த டீ சேர்க்காமல்.

சைலன்சர் பக்கமாக இழுத்தது என் புத்தி.
அந்த வழி கிட்டம்.
சூளகிரி தாண்டுவதற்குள்
எண்ணெயில் போட்ட அப்பளமாய் வளைந்து
உட்கார்ந்துவிட்டது பைப்.
வண்டியும் முன்னைவிடத் திணறியது.
"சூட்டுக் காத்துல சத்து கிடையாதுக்கா,
பழைய சோத்துக்கும் வடிச்ச கஞ்சிக்கும் வித்தியாசம் இல்லையா?"
எங்கே படித்தானோ.
பாதிப் பைப் போச்சு.
மீதிப் பாதியை மறுபக்கமாய்,
கேபின் முதுகை ஒட்டி ஏற்றினோம்.
டியூப் கிழித்துக் கட்டினோம்.
உச்சி எல்போவைப் பின்பக்கம் திருப்பினோம்,
மழைக்கு முதுகு காட்டட்டும் என்று.

மூன்றாவது கியர் நின்றது
என்று எழுத எனக்கும் ஆசைதான்.
நிற்கவில்லை.
ஆனால் மேலுமலையை இரண்டிலேயே ஏறி முடித்தது,
ஒன்றுக்கு இறங்காமல்.
நாற்பதைத் தொட்டால் மட்டும்
குக்கர் வைத்ததுபோல் ஒரு விசில்.
காரணம் திம்மராயனுக்கும் தெரியவில்லை.

குருபரப்பள்ளியில் கை காட்டினார்கள்.
"என்னம்மா இது?"
"மூக்கு சார்."
சிரித்தார்.
சிரித்துக்கொண்டே ஐந்நூறு எழுதினார்.
மூக்கைவிட ரசீது விலை அதிகம்,
அதை மடித்து சாமி படத்துக்குப் பின்னால் வைத்திருக்கிறேன்.

இருபதாம் நாள் ஃபில்டரைக் கழற்றித் தட்டினேன்.
ஒரு சிட்டிகை.
இன்னொரு தரம் தட்டினேன், நம்பாமல்.
அப்போது இருமல் வந்தது,
துண்டை வாயில் வைத்தேன்.
அதில் ஒரு சிட்டிகைக்கு மேல் இருந்தது.

திம்மராயன் பார்த்தான். எதுவும் சொல்லவில்லை.
அவன் துண்டு எந்த நிறத்தில் வாங்கியது என்று
எனக்கு இன்றுவரை தெரியாது.
மிச்ச ஸ்பாஞ்சை இரண்டாக வெட்டி
ஆளுக்கொன்றாய்த் துண்டுக்குள் மடித்துக்கொண்டோம்.
மூக்கில் மீன்தொட்டி வாசனை.
மூன்று பேருக்கும் ஒரே ஃபில்டர் இப்போது.

கேபின் கதவின் உட்பக்கம்
என் மகள் லிகிதா சாக்பீஸில் எழுதிவிட்டாள்:
அம்மா, பத்தடி பைப் பாக்கி.
பத்தாவது படிக்கிறாள்.
விடியுமுன் எழுந்து ஓலைத் தட்டி மறைவில் குளிக்கிறாள்.
நான் அதை அழிப்பதில்லை.
ஜெகதேவித் தூசி தானே வந்து மூடிவிடுகிறது.
ஞாயிற்றுக்கிழமை வண்டி கழுவ வருகிறவள்
மறுபடி எழுதுகிறாள்,
ஒவ்வொரு தடவையும்
கொஞ்சம் பெரிய எழுத்தில்.